ருசி பார்க்காத தண்ணீர்

செய்தி வந்தபோது காலை பத்து மணி இருபது நிமிடம். சவ்வு ஒன்றின் மின்தடையை அளந்து, அளந்த நேரத்தைப் பக்கத்தில் குறித்துக்கொண்டிருந்தேன். அதனால் நேரம் நினைவிருக்கிறது. விடிய விடியப் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஆய்வுக்கூடத்தின் வாசலில் சைக்கிளைச் சுவரோடு சாய்த்துவிட்டு, முழங்கால் வரை சேற்றோடு ஒருவர் நின்றார். அமீருதீன் பாயின் மைத்துனர் மஜீது.

“மச்சான் மௌத்தாயிட்டாரு சார். காத்தால பாங்கு சொல்ற நேரத்துல. மத்தியானம் லுஹர் தொழுதுட்டு எடுக்குறோம். உங்களாண்ட சொல்லிட்டு வரச் சொல்லுச்சு அக்கா.”

ஒன்பது நாள் காய்ச்சலாம். சளி கட்டிக்கொண்டு மூச்சு முட்டியதாம். இன்னும் நாலைந்து இடங்களில் சொல்ல வேண்டும் என்று சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

கையில் இருந்த சவ்வைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டேன். அது ஒரு நிமிடம்கூடக் காயக் கூடாது என்பதை அந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் பழக்கியவர் அமீருதீன் பாய்தான். அவர் எங்கள் வேலையிலிருந்து போய்ப் பத்தொன்பது மாதங்கள் ஆகியிருந்தன.

அவர் தண்டையார்பேட்டையில் பிறந்தவர். தகப்பனார் துறைமுகத்தில் படகுக்காரர். பள்ளிவாசலில் ஓதக் கற்றுக்கொண்டதோடு பாயின் படிப்பு முடிந்தது. தமிழைத் தமிழ் எழுத்தில் படிக்கத் தெரியாது. அரபு எழுத்தில் தமிழை எழுதுவார், வேகமாகவும் அழகாகவும். பன்னிரண்டு வயதில் வண்ணாரப்பேட்டையில் கைலி நெய்யும் கொட்டகை ஒன்றில் பாவு நூலுக்குக் கஞ்சி போடும் வேலைக்குப் போனார். பர்மாவுக்குக் கைலி ஏற்றுமதி செய்த கொட்டகை அது. யுத்தத்தில் ரங்கூன் விழுந்ததும் அதை இழுத்து மூடிவிட்டார்கள். அதன்பிறகு மூட்டை தூக்கினார், பெயிண்ட் அடித்தார், ஐஸ் வண்டி தள்ளினார். 1954இல் திருவொற்றியூரில் எங்கள் முதலாளியிடம் கரி சலிக்கும் ஆளாகச் சேர்ந்தார்.

முதலாளி கோதண்ட முதலியார். பாய்லர்களுக்கு வரும் தண்ணீரின் கடினத்தன்மையைப் போக்கும் பொருளைக் கரியிலிருந்து தயாரிப்பது அவருடைய தொழில். ஏதோ ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில், மின்சாரத்தைக் கொண்டு உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீராக மாற்றும் முறையைப் பற்றிப் படித்துவிட்டு, அதை இங்கேயே செய்து பார்த்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். கல்லூரியில் ரசாயனம் படித்தவன் என்று என்னை அதற்காக வேலைக்கு எடுத்தார். ராயபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோனேன்.

முறை சொல்வதற்கு எளிது. உப்பு தண்ணீரில் கரைந்தால் இரண்டு விதமான மின்துகள்களாகப் பிரிந்து நிற்கும். ஒரு விதத் துகளை மட்டும் போகவிடும் சவ்வு ஒன்று, மற்ற விதத்தை மட்டும் போகவிடும் சவ்வு ஒன்று. இவற்றை மாற்றி மாற்றி அடுக்கி, இரண்டு முனைகளிலும் மின்சாரம் கொடுத்தால், ஓர் அறையில் உப்புக் குறையும், அடுத்த அறையில் கூடும். நல்ல தண்ணீர் ஒரு குழாய் வழியாகவும், உப்பு மிகுந்த தண்ணீர் இன்னொரு குழாய் வழியாகவும் வெளியே வரும். எங்களுக்கு அகப்படாதது சவ்வுதான். அதை விலைக்கு வாங்க வழியில்லை. நாங்களேதான் செய்துகொள்ள வேண்டும்.

பிசினைக் கூழ்ப்பதத்துக்குக் காய்ச்சி, கண்ணாடி நூலில் நெய்த துணியில் ஏற்றி, இரண்டு கண்ணாடிப் பலகைகளுக்கு நடுவே வைத்து, ஓரங்களை அடைத்து, சூட்டுப் பெட்டியில் இறுக வைப்பேன். மறுநாள் பலகையைப் பிரித்தால் சவ்வு முழுக்கக் காற்றுக் குமிழி. பதினொரு சவ்வுகள் அப்படியே வீணாயின. பன்னிரண்டாவதை நான் ஊற்றிக்கொண்டிருந்தபோது, கரிச் சல்லடையோடு அந்தப் பக்கம் வந்த அமீருதீன் பாய் நின்று பார்த்துச் சிரித்தார்.

“இன்னா சார், கொயந்த வாயில பாலு ஊத்துற மாதிரி மேலருந்து ஊத்திகினு கீறீங்க. துணிக்குத் தாகம் கீது. ஓரமா வெச்சுட்டு வுடுங்க, அதுவே குடிச்சிக்கும்.”

துணியின் ஒரு முனையை மட்டும் பிசினில் தொட வைத்து, மறு முனையைத் தூக்கிப் பிடித்தார். பிசின் நூல் நூலாக மேலே ஏறியது; அதற்கு முன்னால் காற்று வெளியேறிக்கொண்டே போனது. நனைந்து முடிக்க முக்கால் மணி நேரம் பிடித்தது. அந்தச் சவ்வில் ஒரு குமிழிகூட இல்லை. அடுத்த வாரத்தில் முதலியார் அவரைக் கரிச் சல்லடையிலிருந்து என் பக்கம் மாற்றிவிட்டார்.

மூன்று வருடம் நாங்கள் இருவரும்தான் அந்த அறையில். ஒவ்வொரு சவ்வையும் ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் வெளிச்சம் தெரியும். அதற்கு அவர் வைத்த பெயர் நட்சத்திரம். “நட்சத்திரம் ஒண்ணு கீது” என்று சொல்லித் தனியே ஒதுக்குவார். அதன்பிறகு எடை: ஒற்றி எடுத்து ஈரத்தோடு ஒரு முறை, முழுக்கக் காய வைத்து ஒரு முறை. ஒவ்வொரு தடவையும் அவர் ஒரே அழுத்தத்தில் ஒற்றுவார். நான் ஒற்றினால் எடை ஏறி இறங்கும். வலிமையைச் சோதிக்க, ஒரு தகரக் குழாயின் வாயில் சவ்வை இறுக்கிக் கட்டி, கிழியும் வரை மேலிருந்து தண்ணீரை ஏற்றிக்கொண்டே போவோம். கிழியாமல் தாங்கிய சவ்வை அவிழ்க்கும்போது அதை அவர் தட்டிக்கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் சொல்லாமலே தண்டையார்பேட்டையிலிருந்து நடந்து வந்து, தொட்டியில் தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார் என்பது எனக்கே வெகுநாள் தெரியாது. காவல்காரர் சொல்லித்தான் தெரிந்தது.

இயந்திரத்திலிருந்து வரும் தண்ணீரை இரண்டு வகையில் சோதிப்போம். என்னுடைய வழி, வெள்ளி நைட்ரேட் கரைசல் சில துளிகள் விடுவது. உப்பு இருந்தால் பால்போல் வெளுக்கும். இல்லாவிட்டால் தெளிவாக நிற்கும். ஐந்து நிமிட வேலை. அவருடைய வழி நாக்கு. குழாயிலிருந்து விரலில் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்து, கண்ணை மூடி, கிணற்றின் பெயரைச் சொல்வார். இது எண்ணூர் முகத்துவாரத் தண்ணீர் பாதி, இது எங்கள் தெருக் கிணறு, இது புழல் ஏரித் தண்ணீர். புழல் என்று சொன்னால் நல்ல தண்ணீர் என்று அர்த்தம். என் அளவைகளோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

அவருடைய தெருக் கிணறு உப்பு. சாபிரா அக்கா, அவருடைய மனைவி, விடிவதற்கு முன் தெருக்கோடிக் குழாயில் வரிசையில் நிற்பார். அதனால்தானோ என்னவோ, எங்கள் வேலையைப் பற்றித் தெருவில் நிறையப் பேசியிருந்தார் அமீருதீன் பாய். எண்ணூர்க் கழித் தண்ணீரையே இனிக்க வைக்கிறோம், பாருங்கள் என்று. தெருமுனையில் டீக்கடை வைத்திருந்த சௌக்கத் அலி அவரைச் சும்மா விடமாட்டார். கடைக்குள் நுழைந்ததும், “இன்னா மாமு, இன்னிக்கி கடலு இனிச்சிச்சா? எனக்குச் சக்கர செலவு மிச்சமாவுமா?” என்று கேட்பாராம். மறுநாள் காலை இதையெல்லாம் பாய் என்னிடம் சொல்லிச் சிரிப்பார். கேலிதான், ஆனால் கேலிக்குள் ஒரு மரியாதையும் இருந்தது. தெருவில் கரி சலிக்கும் ஆளாக இருந்தவர், தண்ணீர் மிஷின் அமீராக ஆகியிருந்தார்.

1957 ஏப்ரலில் இருபது ஜோடிச் சவ்வுகள் கொண்ட பெரிய அடுக்கு தயாரானது. நாற்பது சவ்வுகள், நாற்பதும் அவர் கையால் வார்த்தவை. அரசாங்க அதிகாரி ஒருவர் பார்க்க வருவதாக முதலியார் சொன்னார். அவருக்குப் பிடித்துவிட்டால், உப்புக் கிணறுகள் உள்ள ஊர்களுக்கு இயந்திரம் செய்யும் வேலை எங்களுக்கு வரும்.

அதுவரை அடுக்கைக் கோக்கும் போதெல்லாம் நான் சவ்வுகளை எடுத்துக் கொடுப்பேன், அவர் மாட்டுவார். வரிசை என் தலையில் இருந்தது. அதிகாரி வருவதற்கு முதல் நாள் பிற்பகல் மட்டும் நான் இல்லை. கல்லூரியில் என்னோடு படித்தவன் பம்பாயிலிருந்து வந்திருந்தான். சாயங்கால ரயிலில் திரும்புகிறான். எஸ்பிளனேடில் ஒரு காபி கிளப்பில் சந்திப்பதாகச் சொல்லியிருந்தான். அப்படிப்பட்ட நாளில் அதைக் காரணமாகச் சொல்லிக் கிளம்ப வெட்கமாக இருந்தது. அம்மாவுக்கு நெஞ்சு வலி என்று ஆள் வந்து சொன்னதாக அமீருதீன் பாயிடம் சொன்னேன். அது பொய். அம்மா வீட்டில் சௌக்கியமாக இருந்தார்.

அவர் உடனே என் பையை எடுத்துக் கையில் கொடுத்தார். வரிசையை மட்டும் சொல்லிவிட்டுப் போகச் சொன்னார். நான் சொல்லச் சொல்ல, ஒன்று முதல் நாற்பது வரை தம் எழுத்தில் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். ஒன்றாவது இந்த வகை, இரண்டாவது அந்த வகை. கிளம்பும்போது, மாட்டி முடித்து ஒரு மணி நேரம் ஓட்டச் சொன்னேன். அப்போது அவர் சொன்னது:

“ஓட்டிடறேன் சார். ஆனா நோன்பு. நாக்குல வெக்க முடியாது. நீங்க காத்தால அந்த மருந்து ஊத்திப் பாத்துடுங்க, மறந்துடாதீங்க.”

ரமலான் மாதம் என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. காலையில் முதல் வேலை அதுதான் என்றேன். பதிவேட்டை மூடி வைக்கப் போனவன், மறுநாள் அவசரத்தில் எழுத நேரம் இருக்காது என்று, அன்றைய தேதியிலேயே எழுதி வைத்தேன்: அடுக்கு கோக்கப்பட்டது, வெள்ளி நைட்ரேட் சோதனை செய்யப்பட்டது, திருப்தி. கீழே கையெழுத்துப் போட்டேன்.

அதிகாரி பத்து மணிக்கு வருவதாக இருந்தது. எட்டேகாலுக்கே வந்துவிட்டார். நான் பஸ்ஸிலிருந்து இறங்கி உள்ளே நுழைந்தபோது, முதலியார் ஏற்கெனவே அவரை இயந்திரத்தின் முன் நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தார். அமீருதீன் பாய் வெள்ளைச் சட்டையில், ஓர் ஓரமாக. மேஜைமேல் இரண்டு கண்ணாடித் தம்ளர்கள். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. அவ்வளவு சுத்தமாகக் கோத்திருந்தார். முதலியார் நல்ல தண்ணீர்க் குழாயிலிருந்து ஒரு தம்ளர் பிடித்து அதிகாரியிடம் நீட்டினார். அவர் தயங்காமல் ஒரு பெரிய வாய் குடித்தார். அடுத்த கணம் ஜன்னல் வழியாக வெளியே துப்பினார். கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, கிணற்றில் இருப்பதைவிட இதில் உப்பு அதிகம் என்று மெதுவாகச் சொன்னார். கோபப்படக்கூட இல்லை. பத்து நிமிடத்தில் கார் போய்விட்டது.

முதலியார் பதிவேட்டைத் திறந்தார். நான் எழுதியிருந்ததைப் படித்தார்.

“நேத்து நீ சோதிச்சியா இல்லையா?”

“சோதிச்சேன். சரியா இருந்தது.”

“அப்ப அதுக்கப்புறம் கை வெச்சது யாரு?”

அமீருதீன் பாய் என்னைப் பார்த்தார். நான் போன பிறகுதான் அவர் முதல் சவ்வையே மாட்டினார் என்பது எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும். ஒரு மூச்சு விடும் நேரம் பார்த்தார். பிறகு முதலியாரிடம், “நாந்தான் மொதலாளி மாட்னேன். சார் மேல தப்பு இல்ல” என்றார்.

அன்று பகலிலேயே கணக்கை முடித்து அவரை அனுப்பிவிட்டார் முதலியார். பெருநாளுக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது.

என்ன நடந்தது என்பதை அன்று மாலையே கண்டுபிடித்துவிட்டேன். இயந்திரத்தின் இடது முனை கரித் தகடு, வலது முனை எஃகுத் தகடு. என் ஒன்றாம் எண் கரித் தகட்டின் பக்கம், இடமிருந்து தொடங்குவது. அதை நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. அவர் வாழ்நாள் முழுக்க வலமிருந்து எழுதியவர், வலமிருந்து படித்தவர். அவருடைய தாளில் ஒன்றாம் எண் வலது ஓரத்தில் இருந்தது. அப்படியே வலது முனையிலிருந்து நாற்பதையும் பிசகாமல் மாட்டியிருந்தார். ஒரு வகைச் சவ்வு இருக்க வேண்டிய இடங்களில் எல்லாம் மற்ற வகை வந்துவிட்டது. அதனால் நல்ல தண்ணீர் வர வேண்டிய குழாயில் உப்புத் தண்ணீரும், மற்றதில் நல்ல தண்ணீரும் வந்தன. இரண்டு ரப்பர்க் குழாய்களை மாற்றிச் செருகினேன். வெள்ளி நைட்ரேட் விட்டேன். தெளிவாக நின்றது. ஐந்து நிமிடம்.

மூன்று வாரம் கழித்து அதிகாரி மீண்டும் வந்தார். முழுத் தம்ளரையும் குடித்தார். ஆய்வுக்கூடத்துக்கு என்னைப் பொறுப்பாளராக ஆக்கினார் முதலியார். குழாய் மாறியிருந்தது என்று மட்டும் அவரிடம் சொல்லியிருந்தேன். யார் சோதிக்கவில்லை என்று சொல்லவில்லை.

பெருநாள் முடிந்து அமீருதீன் பாய் கேட்டருகே வந்து நின்றார். கையில் ஒரு தூக்கில் பிரியாணி. நடந்ததைச் சொன்னேன். ஒன்றாம் எண் எந்தப் பக்கம் இருந்தது என்பதைக் கேட்டதும், தலையில் கை வைத்து வெகுநேரம் சிரித்தார். தண்ணீர் நல்ல தண்ணீராகத்தான் இருந்தது, குழாய்தான் வேறு என்பதில் அவருக்கு அப்படியொரு நிம்மதி. “அப்ப தோலு நல்லாத்தான் கீது” என்று இரண்டு முறை சொன்னார். சவ்வை அவர் தோல் என்றுதான் சொல்வார்.

பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னார். தெருவில் அவரை இப்போது உப்புத்தண்ணி அமீரு என்று கூப்பிடுகிறார்களாம். அதிகாரி துப்பியது காவல்காரர் மூலமாகச் சௌக்கத் அலியின் டீக்கடை வரை போய்விட்டது. டீ கேட்டால், உனக்கு உப்பு எத்தனை ஸ்பூன் என்கிறார்களாம். அவருக்குக் கூலியைப் பற்றிக் கவலையில்லை. பேசின் பிரிட்ஜ் பக்கம் நிலக்கரி வேகன் இறக்கும் வேலை கிடைத்திருந்தது. அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

“மொதலாளியாண்ட நீங்களே ஒரு வார்த்த சொல்லுங்க சார். நாஞ் சொன்னா எடுபடாது. மறுபடியும் இங்க வந்துட்டேன்னு வெச்சிக்குங்க, அந்தப் பேரு தன்னால பூடும்.”

சொல்கிறேன் என்றேன். உண்மையிலேயே சொல்வதாகத்தான் இருந்தேன். முதல் வாரம் பயமாக இருந்தது. அதன்பிறகு புதிய வேலை. அதன்பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும் என்று தோன்றியது. ஆறு மாதம் கழித்து ஒரு முறை தண்டையார்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தபோது பஸ்ஸிலிருந்து அவரைப் பார்த்தேன். முகமெல்லாம் கரி, நெற்றியில் துணிக்கட்டு. அவரும் பார்த்தார். கையைத் தூக்கிக் காட்டி, விரலை நாக்கில் வைத்து, ருசி எப்படி என்பதுபோல் தலையை ஆட்டினார். புழல் என்று நான் வாயசைத்தேன். அவர் சிரித்தது கரிக்குள் பற்கள் மட்டுமாகத் தெரிந்தது. அதுதான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

செய்தி வந்த அன்று, தண்டையார்பேட்டையில் இறங்கி அமீருதீன் பாய் வீடு எது என்று டீக்கடையில் கேட்டேன். பெஞ்சில் இருந்த ஒருவர், “எந்த அமீரு, உப்புத்தண்ணி அமீரா?” என்று கேட்டு, கேட்டதற்காகத் தாமே தலையைக் குனிந்துகொண்டார். கடைக்குள்ளிருந்து சௌக்கத் அலி வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது. என் கூடவே பள்ளிவாசல் வரை நடந்தார். அந்தப் பெயரைத் தாம்தான் வைத்ததாகவும், தமாஷுக்காக வைத்ததாகவும், அது இப்படி ஒட்டிக்கொள்ளும் என்று நினைக்கவில்லை என்றும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

நான் கிறிஸ்தவன். இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகைக்கு எல்லாரும் கூடியபோது, செருப்பு வைக்கும் இடத்தருகே ஒதுங்கி நின்றேன். தொழுகை தொடங்குமுன் மஜீது எழுந்து கூட்டத்தின் பக்கம் திரும்பினார். இது அவர்கள் வழக்கம் என்று பிறகு தெரிந்தது. மச்சான் யாருக்காவது ஏதாவது பாக்கி வைத்திருந்தால் என்னிடம் கேளுங்கள், யார் மனதையாவது நோகடித்திருந்தால் அல்லாவுக்காக மன்னித்துவிடுங்கள் என்றார். மன்னித்தோம் என்று முணுமுணுப்பாகக் கூட்டம் சொன்னது. அமீருதீன் பாய் எனக்குச் செய்ததில் மன்னிக்க எதுவும் இல்லை. நான் அவருக்குச் செய்ததைக் கேட்பதற்கு அந்தச் சடங்கில் இடம் இல்லை. தூக்கிக்கொண்டு போனபோது நானும் பின்னால் நடந்தேன். ஒரு பிடி மண் போட்டேன்.

ஐந்தாம் நாள் அந்த வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். சாபிரா அக்கா இத்தாவில் இருந்தார். நான்கு மாதம் பத்து நாள் அந்நிய ஆண்கள் முன் வரமாட்டார். அறை வாசலில் தொங்கிய சேலைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பேசினார். இந்தப் பக்கம் மஜீதும் நானும். குரல் மட்டும்தான் வந்தது. மெலிந்த, நிதானமான குரல்.

பாய்க்கு நான் ஒரு கெடுதல் செய்துவிட்டேன் என்று ஆரம்பித்தேன். அக்கா முடிக்க விடவில்லை.

“அவுரு சொல்லிகீறாரு தம்பி. அன்னிக்கி நீங்க பாக்கலன்னு அவுருக்குத் தெரியாதா? உங்கம்மாவுக்கு நெஞ்சு வலின்னு ஓடிப் போனீங்களாமே. நான்கூட சண்ட போட்டேன், ஏன் மொதலாளியாண்ட சொல்லலன்னு. பெத்தவளப் பாக்குமா, தண்ணியப் பாக்குமா அந்தப் புள்ளன்னாரு. அம்மா இப்ப எப்டி கீறாங்க?”

மஜீது என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லா இருக்காங்க அக்கா,” என்றேன்.

“அல்ஹம்துலில்லாஹ். இத்தினி நாள்ல ஒரு வாட்டி போய்ப் பாத்துட்டு வரணும்னு சொல்லிகினே இருந்தாரு.”

உள்ளேயிருந்து டீ வந்தது. கொண்டுவந்து வைத்தவள் அவருடைய மகள் ஜீனத், பதினாறு வயதிருக்கும். அவள் உள்ளே போனபிறகு அக்கா குரலைத் தாழ்த்திப் பேசினார். குழாயடியில் அவளையும் உப்புத்தண்ணி பொண்ணு என்கிறார்கள். அவர் இருந்தவரை தானும் சேர்ந்து சிரித்துவிடுவார். இனி அந்தப் பேச்சை யார் சிரித்து மாற்றுவார்கள். காய்ச்சலில் கிடந்தபோதுகூட, பிதற்றலில், ஒன்றாம் நம்பர் வலது பக்கம் இல்லை, இடது பக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

“எனுக்கு வேற ஒண்ணும் வாணாம் தம்பி. வெள்ளிக்கெயம ஜும்மா வுட்டா தெரு ஆம்பளைங்க எல்லாரும் சௌக்கத் கடையிலதான் இருப்பாங்க. நீங்க படிச்சவங்க, அந்த மிஷினு செஞ்சவங்க. ஒரு வாட்டி வந்து, தண்ணி நல்ல தண்ணிதான், தப்பு அவுருது இல்லன்னு சொல்லிட்டுப் போங்க. ரெண்டு நிமிசம். அந்தப் பேரு அவுரோட போவட்டும்.”

வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். திரைக்குப் பின்னாலிருந்து, அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

மறுநாள் முதலியாரிடம் போய் நின்றேன். பதிவேட்டில் அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டி, சோதிக்காமல் எழுதியது என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். ஆளே போய்விட்டான், இதை இப்போது ஏன் என்னிடம் சொல்கிறாய் என்று கேட்டார். பிறகு பேனாவைத் தள்ளினார். நான் அந்த வரியை அடித்து, சோதிக்கவில்லை என்று எழுதி, அன்றைய தேதியைப் போட்டுக் கையெழுத்திட்டேன். என்னை வேலையிலிருந்து நீக்குவார் என்று எதிர்பார்த்தேன். நீக்கவில்லை. நாற்பது சவ்வுகளும் இன்றைக்கும் அப்படியே வேலை செய்கின்றனவே என்று மட்டும் சொன்னார். யாரை நினைத்துச் சொன்னார் என்பது தெரிந்தது.

முதலியாரிடம் சொல்வது அதோடு முடிந்தது. டீக்கடை வேறு. அங்கே நான் எழுந்து நின்று தப்பு என்னுடையது என்று சொன்னால், அன்று நீ எங்கே போயிருந்தாய் என்று யாராவது கேட்பார்கள். சௌக்கத் அலியே கேட்பார். காபி கிளப் என்று சொன்னால், அது சாயங்காலத்துக்குள் அந்தச் சேலைத் திரைக்குப் பின்னால் போய்ச் சேரும். அமீருதீன் பாய் எதற்காக வாயை மூடிக்கொண்டாரோ, அது இல்லாத ஒன்று என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். நெஞ்சு வலி என்றே அங்கேயும் சொன்னால், அவருடைய பெயரை மீட்கப் போகிற இடத்திலும் பொய்யைத்தான் வைக்கிறேன். இரண்டில் எது அவருக்குக் குறைந்த கெடுதல் என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

முதல் வெள்ளிக்கிழமை மழை. இரண்டாவது வெள்ளிக்கிழமை பகல் ஒன்றரைக்கு ஆய்வுக்கூடத்திலிருந்து கிளம்பி, பஸ்ஸில் தண்டையார்பேட்டை வரை வந்தேன். கடையில் பெஞ்சுகள் நிரம்பியிருந்தன; தொப்பியோடு இருபது பேராவது இருப்பார்கள். ராயபுரத்துக்கு டிக்கெட் வாங்கியிருந்தேன், இறங்கவில்லை. மூன்றாவது வெள்ளிக்கிழமை இன்று. இன்றும் நான் போகவில்லை.